பாலத்துக்கு அந்தப் பக்கத்து டாக்டர்

எந்த ராஜாவும் எந்த சபையும் சாதிக்காததை அந்த நகரம் சாதித்துவிட்டது: 'குடும்பத்துக்கு ஒரு டாக்டர்'. இனி நோய்தான் பயப்பட வேண்டும் என்று சுவரெல்லாம் எழுதியும் வைத்தது.

மேற்கு வட்ட மருத்துவ நிலையத்தில் தரை துடைப்பவளுக்கும் அதன்படி ஒரு டாக்டர் உண்டு. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. அவரைப் பார்க்கத்தான் முடியவில்லை.

ஒரு மாதமாக அவளுக்கு இருமல். பத்தடி துடைத்தால் மாப்பை ஊன்றி மூச்சு வாங்குவாள். சுற்றிலும் இருபது மெத்தை நாற்காலிகள். உட்கார்ந்திருந்தது ஒரே ஒரு பெரியவர். அவரும் பேப்பர் படிக்க வந்தவர். மூன்று அறைகளில் மூன்று டாக்டர்கள். அங்கே ஈக்கு அனுமதி இல்லாததால், அவர்கள் செல்போன் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

வரவேற்பு மேசைப் பெண்ணிடம் போய் நின்றாள்.

"டாக்டர் ஒரு நிமிஷம் பார்த்தாப் போதும்மா."

"உங்க வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்க்கா. நீங்க கிழக்கு வட்டம்."

"வீடுதான் அந்தப் பக்கம். நுரையீரலை இங்கதானே கொண்டுவந்திருக்கேன்?"

"கம்ப்யூட்டர் விலாசத்தைத்தான் கேக்குது. நுரையீரலுக்குக் கட்டமே இல்லக்கா."

கிழக்கு வட்டத்தில் ஒன்பதாயிரம் பேருக்கு ஒரு டாக்டர். காலை எட்டு மணிக்குப் போனில் பதிய வேண்டும்; எட்டு ஐந்துக்கெல்லாம் டோக்கன் தீர்ந்துவிடும். மறுநாள் அவள் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு அழைத்தாள்.

"வரிசையில் நீங்கள் நூற்று நாற்பத்து மூன்றாவது நபர். உங்கள் நலமே எங்கள் மூச்சு" என்றது ஒரு தேன்குரல். அவளுடைய மூச்சுதான் முட்டியது. இருமினாள்.

ஓர் அறைக் கதவு திறந்தது. டாக்டர் தலையை நீட்டினார். அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"பினாயிலை மாத்துங்கப்பா, அந்தம்மாவுக்கு ஒத்துக்கல" என்று அக்கறையோடு சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த வாரமே ஆய்வுக் குழு வந்தது. காலி நாற்காலிகளை மெய்சிலிர்க்க எண்ணி, 'காத்திருப்பு நேரம்: பூஜ்யம். முன்மாதிரி நிலையம்' என்று எழுதியது. கிழக்கே போய், தெருவரை நின்ற கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தது. 'நிர்வாகத் திறன் போதாது' என்று தீர்மானித்து, அங்கிருந்த ஒரே டாக்டரைப் பயிற்சிக்காக மேற்குக்கு அனுப்பியது.

திங்கட்கிழமை, கண்ணெல்லாம் சிவந்த புது டாக்டர் நான்காவது அறையில் உட்கார்ந்தார். அவள் ஓடிப்போய் நின்றாள்.

"சார், நான் கிழக்கு. உங்க லிஸ்ட்ல இருக்கேன்."

அவர் குனிந்துகொண்டார். "இப்ப நான் மேற்கும்மா. போன வாரம் வந்திருந்தாப் பார்த்திருப்பேன்."

"அப்ப அங்க யாரு சார்?"

"யாரும் இல்ல. டாக்டர் இல்லாததால வரிசையும் இல்ல. அங்கயும் காத்திருப்பு நேரம் பூஜ்யம்னு ரிப்போர்ட் போயிடுச்சு. ரெண்டு வட்டமும் இப்ப சமமாம்."

அவள் வாளியைத் தூக்கினாள்.

"இன்னும் முழுசா ஆகல சார். இங்க வியாதிக்கு ஆளில்ல, அங்க வைத்தியத்துக்கு ஆளில்ல. கொஞ்ச நாள் பொறுங்க, அங்கயும் வியாதிக்கு ஆளிருக்காது."