மிலிட்டரி அவிழ்க்காத முடிச்சு

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் தெருவில் கட்டிப்போடாமல் விட்டிருந்தது மேற்கே தெரியும் மலை ஒன்றைத்தான். அதையும் முடிச்சு மிலிட்டரி விட்டுவைத்ததற்குக் காரணம், அத்தனை நீளக் கயிறு ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைகளில் கிடைக்கவில்லை என்பதே.

அவருடைய நிஜப் பெயர் எங்கள் மடவார் வளாகத் தெருவில் யாருக்கும் தெரியாது. ராணுவத்தில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். பனிமலை ரோட்டில் தார்ப்பாய் பறக்காமல் சரக்கைக் கட்டியே காலம் கழித்ததால், கட்டாத பொருளைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும். மலையிலிருந்து காற்று இறங்கும் மாதங்களில் தோளில் நைலான் கயிற்றோடுதான் திரிவார். பூந்தொட்டி, தண்ணீர்த் தொட்டியின் மூடி, டிஷ் ஆன்டெனா, பால்காரரின் கேன், எல்லாவற்றுக்கும் முடிச்சு விழும். அந்த முடிச்சை வேறு யாராலும் அவிழ்க்க முடியாது. அவரும் புரட்டாசி வராமல் அவிழ்க்க மாட்டார். நடுவில் கேட்டால், "காத்து லீவு போடட்டும், பொறவு பாப்போம்" என்பார்.

ஆடிப்பூரத் தேர் பார்க்க எதிர்வீட்டுக்காரரின் சம்பந்தி ராஜபாளையத்திலிருந்து காரில் வந்தார். காருக்கு உறை போட்டது தப்பாகப் போயிற்று. "உறை பறந்தா பைக்குல போறவன் மூஞ்சியில சுத்தும்லா" என்று, சம்பந்தி சாப்பிட்டு எழுவதற்குள் உறை, கார், கேட் மூன்றையும் சேர்த்து மிலிட்டரி ஒரே கட்டாகக் கட்டிவிட்டுத் தேர் பார்க்கப் போய்விட்டார். அந்தக் கூட்டத்தில் அவரைத் தேடுவதற்கு பஸ்ஸே தேவலை என்று சம்பந்தி பஸ்ஸில் ஊர் போய்ச் சேர்ந்தார்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் மற்றவர்கள் காலை வணக்கம் அனுப்பினால் இவர் குரல் பதிவு அனுப்புவார். "கடைசி வீட்டு மாடியில ஒரு சேரு சும்மா நிக்கி. கீழ வரும்போது அது சேரா வராது, ஆமா." பாதிப் பேர் அவரை மியூட்டில் போட்டிருந்தோம்.

எங்களுக்கும் அவருக்கும் உரசல் வந்தது தகரத்தால். என் மனைவி செல்வராணி தளவாய்புரத்திலிருந்து நைட்டி தைக்கும் வேலை எடுத்து, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு மிஷினை வைத்திருந்தாள். எங்கள் பக்கத்தில் கொட்டகை போட்டு அதன் தலையில் கனமாக எதையாவது ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது. செங்கல், பழைய டயர், எது கிடைக்கிறதோ அது. எங்கள் வீட்டில் கிடைத்தது உடைந்த ஆட்டுக்கல்.

மிலிட்டரி தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். "மாப்ள, கல்லு தகரத்தப் பிடிச்சுக்கிடும்னு நெனச்சியோ? தகரம் எந்திரிச்சா கல்லும் சேந்து எந்திரிக்கும். அத இறக்கிட்டு போல்ட்டு போட்டு முடுக்கு."

"ஊரெல்லாம் கல்லுதான வச்சிருக்கு சித்தப்பா?" என்றாள் செல்வராணி.

"ஊரெல்லாம் அதுக்கு அடியில உக்காந்து தைக்கலயே தாயி."

இந்த நைட்டி லோடு போகட்டும், போல்ட்டு போட ஆளை வரச்சொல்கிறேன் என்றாள்.

லோடு போவதற்கு முந்தின மத்தியானம் காற்று வந்தது. கதவுகள் அடித்தன, வேப்பமரத்தில் ஒரு கிளை முறிந்தது, கரண்ட் போயிற்று. செல்வராணி மாடியில். நான் படியேறுவதற்குள் மிலிட்டரி என்னைத் தாண்டி ஏறினார். அவர் தோளில் கயிறு இல்லை. கட்டுவதற்கு நேரம் தாண்டிவிட்டது என்று புரிந்து நானும் இரண்டிரண்டு படியாகத் தாவினேன்.

"ஏட்டி, இறங்கு!"

"நாளைக்கு லோடு சித்தப்பா. தச்சதையாவது எடுத்துக்கிடுதேன்."

"நைட்டி போனா வேற தச்சுக்கிடலாம். வா!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வந்தார். மூவரும் படிக்கட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினோம். மேலே தகரம் கிழிகிற சத்தம். அடுத்து தடால் என்று ஒன்று விழுந்ததில் படியே அதிர்ந்தது.

தகரத்தைப் பிடிக்கிறோம் என்று பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். மிலிட்டரி படியை மறித்து உட்கார்ந்துவிட்டார். "பறக்குற தகரம் ஆள வெட்டிரும். காத்து நிக்காம ஒருத்தரும் மேல போகப்பிடாது. தெருவுல வயரு கிடந்தா கிட்டப் போகாதிய, இ.பி. ஆளுக வரட்டும்."

"அப்ப நாங்க என்ன செய்ய?" என்றார் ஒருவர்.

"உக்காருங்க. செத்த நேரம் சும்மா இருக்கதும் வேலதான்."

காற்று நின்றதும் ஏறிப் பார்த்தோம். செல்வராணி உட்காரும் ஸ்டூல் இருந்த இடத்தில் ஆட்டுக்கல் கிடந்தது. ஸ்டூல் அதன் அடியில் சில்லுசில்லாக இருந்தது. தெரு முழுக்க நைட்டிகள், பூப்போட்ட ஒன்று எதிர்வீட்டுத் தென்னையில் மாட்டியிருந்தது. மிலிட்டரி அதை உற்றுப் பார்த்து, "தென்னைக்கு அளவு சரியாத்தான் இருக்கு" என்றார். செல்வராணி அவர் கையை விடாமல் சிரித்தாள், அப்படியே அழுதாள்.

புதுக் கொட்டகைக்குக் கல் கிடையாது. இரும்புச் சட்டத்தோடு போல்ட்டு போட்டு முடுக்கினோம். மிலிட்டரி ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தார். அப்புறமும் தகரத்துக்கு மேல் குறுக்கே ஒரு கயிறு கட்டினார்.

"போல்ட்டு தகரத்துக்கு. கயிறு எனக்கு" என்றார்.

போன ஆவணியில், முழங்கால் வலி அதிகமாகி, மகள் அவரைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். அந்த அபார்ட்மென்டில் லிஃப்ட்டைத் தவிர எல்லாவற்றையும் கட்டியாயிற்று என்று குரல் பதிவு வருகிறது. இப்போது அவரை யாரும் மியூட்டில் போடுவதில்லை.

புரட்டாசி வந்து போய்விட்டது. கயிறு வெயிலில் வெளுத்துக் கிடக்கிறது. கொட்டகைக்கு அது தேவையே இல்லை, கத்தியை வைத்தால் ஒரு நிமிஷ வேலை. செல்வராணி தொடவிடுவதில்லை. கட்டியவரே வந்து அவிழ்க்கட்டும் என்கிறாள். அவர் வரவேண்டும் என்றுதான் நானும் கத்தியை எடுக்கவில்லை.