ஏழாம் நம்பர் ஷூ

எனக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல வராது. கல்யாணப் பந்தியில் இலை மறையும்வரை சோறு விழுந்துகொண்டே இருக்கும். நான் தலையை மட்டும் ஆட்டுவேன். (என் தலையாட்டலை ‘இன்னும் கொஞ்சம் போடு’ என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள்.) இந்தக் கூச்சம் ஒரு நாள், கால் இரண்டும் நன்றாக இருக்கும்போதே, என்னைச் சக்கர நாற்காலியில் ஏற்றிவிட்டது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சார்ஜாவில் டைல்ஸ் மேஸ்திரியாக இருந்தேன். நாங்கள் தங்கியிருந்த தொழிலாளர் கேம்ப் ஊருக்கு வெளியே, முவைலாவில். எங்கள் கம்பெனி நகரத்துக்குள் ஒரு கலை மையம் கட்டி முடித்திருந்தது. புது மாதிரிப் படங்கள், சிலைகள் எல்லாம் வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். நடக்க முடியாதவர்களும் எல்லா இடத்துக்கும் போகும்படி, படிக்குப் பதில் சாய்தளம். அதில் டைல்ஸ் ஒட்டியது நான்தான்.

“ஏங்க, நீங்க கட்டுன பில்டிங்கு முன்னால நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. எல்லார் வீட்டுலயும் மாட்டி வச்சிருக்காங்க” என்று ஊரிலிருந்து மனைவி செல்வி போனில் சொன்னாள்.

போட்டோ என்றால் எங்கள் அறையில் ஒரு முறை உண்டு. எட்டுப் பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜோடி கறுப்பு ஷூ. யார் போட்டோவுக்கு நின்றாலும் அதுதான். ஊரில் எட்டு வீட்டுச் சுவரிலும் முகம்தான் வேறு, ஷூ ஒன்றே. அது ஏழாம் நம்பர். என் கால் ஒன்பது.

“அண்ணே, ரெண்டு மணி நேரந்தான? பல்லக் கடிச்சுக்கங்க. போட்டோவுல கால் வலி தெரியாது” என்றான் பக்கத்துக் கட்டில் பாண்டி. தன் சின்னக் கேமராவையும் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. நொண்டி நொண்டி வாசலுக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும், நீலக் கோட்டுப் போட்ட ஒரு பிலிப்பைன்ஸ் பெண் என் காலைப் பார்த்தார். பதறிப்போய் உள்ளே ஓடி, ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“ப்ளீஸ் சார். சிட், சார்.”

சார்! அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. ‘ஷூதான் பிரச்சினை’ என்பதை இங்கிலீஷில் சொல்லவும் தெரியவில்லை. தலையை ஆட்டினேன். அடுத்த நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண் என்னைச் சாய்தளத்தில் தள்ளிக்கொண்டு போனார். ஒரு குலுங்கல் இல்லை. (பெருமையாகத்தான் இருந்தது. என்னைப்போல் தன் வேலையை உட்கார்ந்தபடியே சோதித்த மேஸ்திரி யாரும் இருக்க மாட்டார்.) ஒரு கூடத்தில் மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் அள்ள மறந்துவிட்டார்கள் என்று பதறினேன். சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்தில் பெயர்ப்பலகை வைத்திருந்ததால் கலை என்று புரிந்துகொண்டேன்.

கூடத்தை விட்டு மறுபடி சாய்தளத்துக்கு வந்தபோதுதான் எதிரே அவரைப் பார்த்தேன். எங்கள் சைட் என்ஜினியர் ராமநாதன் சார். மனைவிக்கும் மகளுக்கும் தான் கட்டிய கட்டடத்தைக் காட்ட அழைத்து வந்திருந்தார். எனக்கோ அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறது. யாரை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்வது என்று எழுதிக் கொடுப்பவர் அவர்தான். ஊரில் என் வீடு கூரை இல்லாமல் நிற்கிறது.

“முருகேசா! நீயா? கால்ல என்னய்யா ஆச்சு?”

வழக்கம்போல் தலையை ஆட்டினேன்.

“எப்ப அடிபட்டுது? சைட்ல யாருக்கும் சொல்லாம மறைச்சிட்டியா? நாளைக்கு லிஸ்ட் ஆபீஸுக்குப் போகுது. உன் பேரை எழுதியிருக்கேன். இந்தக் காலை வச்சுக்கிட்டு எப்படிய்யா வேலை பார்ப்ப?”

“ஷூ... சார்” என்றேன்.

“என்னது?”

குனிந்து ஷூவைப் பிடித்து இழுத்தேன். ஒன்று வந்தது. மற்றது வீங்கிய காலோடு ஒட்டிக்கொண்டது. நான் இழுக்க, நாற்காலி பின்னால் போக, அந்தப் பெண் “நோ சார், நோ சார்!” என்று கத்த, கடைசியில் என்ஜினியர் சாரே மண்டியிட்டு அதை உருவி எடுத்தார். அவ்வளவுதான். வெறுங்காலோடு குதித்து எழுந்தேன். சாய்தளத்தின் உச்சிவரை ஓடினேன். அதே வேகத்தில் இறங்கி வந்து அவர் முன்னால் விறைப்பாக நின்றேன்.

அந்தப் பெண் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அங்கே நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டினார்கள். இதையும் ஒரு கலை என்று நினைத்திருக்க வேண்டும். ஒருவர் பெயர்ப்பலகையைத் தேடினார்.

என்ஜினியர் சார் கையிலிருந்த ஷூவைத் திருப்பி அதன் நம்பரைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். பிறகு சிரித்த சிரிப்பில் நிற்க முடியாமல் அந்தச் சக்கர நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். “போதும்யா, இன்னொரு ரவுண்டு ஓடிடாத. உன் பேரு லிஸ்ட்ல இருக்கு.”

அவர் மகள்தான் பாண்டியின் கேமராவில் போட்டோ எடுத்துக் கொடுத்தாள். வெறுங்காலோடு நான், கையில் ஷூ. பக்கத்தில் வண்டியில் சிரித்தபடி என்ஜினியர். கூரை போட்ட வீட்டில் முதலில் மாட்டியது அந்தப் படத்தைத்தான். நான் எதற்காவது தலையாட்டிவிட்டு முழித்தால், “அப்பா வண்டி ஏறிட்டாரு!” என்று பிள்ளைகள் இன்றும் கத்துவார்கள்.

போன மாதம் என் முட்டி வலிக்காக நானும் செல்வியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வாசலிலேயே சக்கர நாற்காலியைக் கொண்டுவந்து, “உக்காருங்க ஐயா” என்றார்கள்.

“வேண்டாம்” என்றேன். சத்தமாகவே வந்துவிட்டது.

செல்வி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “அடேங்கப்பா! இந்த வார்த்தையக் கத்துக்க இத்தன வருஷமா?” என்றவள், சேலையை ஒதுக்கிக்கொண்டு அந்த வண்டியில் தானே உட்கார்ந்தாள். “தள்ளுங்க. அப்படி என்னதான் சொகம்னு நானும் பாக்குறேன்.”

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. முட்டி வலியோடு தள்ளிக்கொண்டு போனேன்.