ஈறுகெட்ட பெயரெச்சமும் பிஸ்கட் டப்பாவும்

அன்பு மைத்துனனுக்கு, முப்பத்தோர் ஆண்டு இலக்கணம் நடத்தி ஓய்ந்த உன் அத்தான் எழுதுவது. நானும் என் பற்களும் நலம். உன் வீட்டிலும் அவ்வண்ணமே ஆகுக.

நான் திருட்டுத்தனமாகப் பிஸ்கட் தின்பதால்தான் சர்க்கரை ஏறுகிறது என்று உன் அக்கா போனில் புலம்பினாளே, நீயும் "இந்த வயசுல இது தேவையா அத்தான்?" என்று கேட்டாயே, அந்த வழக்கில் நான் நிரபராதி. அடுத்த பரிசோதனையிலும் குறையாவிட்டால் தினமும் ஊசி என்று சர்க்கரை டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியைக் கண்டாலே நான் வாசலைத் தேடுகிறவன். அந்த நேரம் பார்த்துப் பல் தேய்த்தால் ரத்தம். பல் டாக்டரம்மா வாய்க்குள் பார்த்துவிட்டு, "ஈறு கெட்டுப்போச்சு சார்" என்றார். ஒரு தமிழாசிரியனிடம் சொல்கிற வார்த்தையா இது! வாய்க்குள் விட்டிருந்த குட்டிக் கண்ணாடியை விலக்கிவிட்டு, "ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்! எடுத்துக்காட்டு, ஆடாப் பல். ஆடாத என்பதன் ஈறாகிய 'த' கெட்டு..." என்று ஆரம்பித்துவிட்டேன். அந்தம்மா என் பல்லை அசைத்துப் பார்த்து, "உங்களது ஆடும் பல் சார். வெறும் பெயரெச்சம்தான்" என்றார். ஒழுங்காகப் படித்த பெண்! அந்த நொடியே வாயை ஒப்படைத்துவிட்டேன்.

ஈறுக்கடியில் கல்லாய் இறுகிய அழுக்கில் கிருமி குடியிருக்கிறதாம். விரட்ட உடம்பு படை அனுப்புகிறதாம். கிருமியும் போகாது, படையும் திரும்பாது, ஈறு வீங்கும், அந்தச் சண்டையில் சர்க்கரையும் அடங்காதாம். "அப்போ பிஸ்கட்?" என்றாள் உன் அக்கா, விடாமல். "ஈறும் ஒரு காரணம்மா" என்றார் டாக்டர். 'ஈறும்' என்பதிலுள்ள உம்மையை நான் கண்டுகொள்ளவில்லை. மரத்துப்போக அங்கேயும் ஊசிதான். நான் போட்ட சத்தத்தில் வெளியே காத்திருந்த ஒருவர் எழுந்து வீட்டுக்கே போய்விட்டார். நாலு தடவை சுரண்டி எடுத்தார்கள். மூன்று மாதம் கழித்து, நேற்று ரிசல்ட் வந்தது. சர்க்கரை இறங்கிவிட்டதடா! ஊசி கிடையாது! நடுத்தெரு என்றும் பார்க்காமல் உன் அக்கா கையைப் பிடித்துக் குலுக்கினேன். ஆக, குற்றவாளி ஈறு. நீ போனில் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும், பெரிய மனசு பண்ணி விட்டுவிடுகிறேன்.

கெடா ஈறோடு குடும்பமாக நூறாண்டு வாழ்க.

இப்படிக்கு,
ஆடாப் பல் அத்தான்

பின்குறிப்பு: தம்பி, அக்கா எழுதறேன். கவரை ஒட்டுன்னு என்கிட்ட கொடுத்தார், படிச்சுட்டேன். டாக்டரம்மா சொன்னது நிஜம்தான். ஆனா, எதைத் தின்னாலும் உடனே பல் தேய்க்கணும்னு அவரை மிரட்டி வைங்கன்னு டாக்டரம்மாகிட்ட சொன்னது நான். ஒவ்வொரு பிஸ்கட்டுக்கும் யாரு எழுந்து போய்த் தேய்க்கிறதுன்னு சோம்பல்பட்டே மனுஷன் மூணு மாசமா டப்பா பக்கம் போகல. நீ மன்னிப்புக் கேட்டுடு, இதை மட்டும் சொல்லிடாதே. ஊசின்னு கேட்ட நாள்லேருந்து நேத்துதான் நான் நிம்மதியா தூங்கினேன்.