குளிர்நாதரும் ஈரக் கம்பளியும்

தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு, வரமாட்டேன் என்று அடம்பிடித்த கோடையில், அந்தத் தெருவில் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தார்கள்.

ஆமாம், ஸ்வெட்டர்தான். சிலர் கழுத்தில் மஃப்ளர், சிலர் தலையில் காதை மூடும் குல்லாய். மருந்துக்கடைக்காரர் கம்பளிக் கையுறையோடு மாத்திரை எண்ணினார். நாலு கேட்டவருக்கு ஆறு போனது. எதிரெதிரே வருகிறவர்கள் வணக்கம் சொல்வதையே விட்டுவிட்டார்கள். "சில்லுன்னு இருக்கு!" என்பார் ஒருவர். "சில்லோ சில்லு!" என்பார் மற்றவர். சொல்லி முடிப்பதற்குள் இருவர் மூக்கு நுனியிலிருந்தும் வேர்வை சொட்டும். அதை இருவருமே பார்க்காத மாதிரி நடந்துவிடுவார்கள்.

எல்லாம் குளிர்நாதர் செய்த வேலை.

குளிர்நாதர் வந்து மூன்று மாதம் ஆகிறது. லாண்ட்ரிக்குப் பக்கத்தில் காலியாகக் கிடந்த பழைய பர்னிச்சர் கூடத்தைப் பிடித்தார். ஜன்னல்களைப் பலகை போட்டு அடைத்தார். உயரமாக ஒரு நாற்காலி போட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார். புருவத்திலும் தாடியிலும் வெள்ளை வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. கூடத்தில் ஃபேன் இல்லை, ஏசி இல்லை. வெளியே நின்றால் மண்டை பிளந்தது. உள்ளே போனால் பல் கிட்டித்தது. அவர் கையைத் தூக்கினால் போதும், நாற்காலிக்குப் பின்னாலிருந்து சில்லென்று ஒரு காற்று கிளம்பி வரும். வந்தவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

"சூடுன்னு ஒண்ணு கிடையவே கிடையாது, குழந்தைகளே! உங்க சந்தேகம்தான் சூடா வெளிய வருது" என்றார் நாதர்.

சந்தேகத்துக்கு மருந்தும் அவரே வைத்திருந்தார். பனிக்கல்! முட்டை அளவில், நீல நிறத்தில். வீட்டில் வைத்தால் கோடையில் சூட்டைக் குடிக்குமாம். குளிர்காலத்தில், குடித்ததைத் திருப்பிக் கக்கி வீட்டை வெதுவெதுப்பாக்குமாம். கரண்டே வேண்டாமாம். இரண்டே இரண்டு நிபந்தனைகள்: ஜன்னலைத் திறக்கக் கூடாது, ஃபேனோ ஏசியோ வீட்டில் இருக்கக் கூடாது, இருந்தால் கல்லுக்கு ரோஷம் வந்துவிடும். கல் வைத்த பிறகும் வேர்க்கிறதா? அப்படியானால் கல்லில் கோளாறு இல்லை, உங்களிடம்தான் கோளாறு. எப்பேர்ப்பட்ட சரக்கு பாருங்கள்! சரக்கு வேலை செய்யாவிட்டால் வாங்கினவனைத்தான் ரிப்பேர் பண்ண வேண்டும்.

அப்புறம் எவன் வாயைத் திறந்து "எனக்கு வேர்க்குது" என்பான்? முதலில் ஒருவர், தனக்குச் சந்தேகமே இல்லை என்று காட்ட ஸ்வெட்டர் போட்டார். அடுத்த வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவர் குல்லாயும் சேர்த்துப் போட்டார்.

இந்தக் கூத்தில் நிஜம் தெரிந்த ஒரே ஆள் லாண்ட்ரி அக்காதான். ஏனென்றால் அத்தனை ஸ்வெட்டரும் கடைசியில் அவளிடம்தான் வந்து சேரும். மூட்டையைப் பிரிக்கும்போதே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காலரெல்லாம் உப்புப் பூத்துக் கிடக்கும். இரண்டு தடவை ஊறவைத்து அலசினால்தான் மெஷினுக்குள்ளேயே போட முடியும்.

"என்னண்ணே இது, புழிஞ்சா ஒரு பக்கெட் வரும் போலிருக்கே?" என்று மருந்துக்கடைக்காரரிடம் கேட்டாள்.

"வேர்வை இல்லம்மா. உருகின பனி."

"பனி உப்புக் கரிக்குமாண்ணே?"

"அது உசத்தியான பனி" என்று சொல்லிவிட்டு, அவர் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டார்.

அக்காவும் சிரித்துவிட்டுச் சும்மா இருந்திருப்பாள். தங்கச்சி விஷயம்தான் அவளைத் தூங்கவிடவில்லை. தங்கச்சி ஏழு மாதக் கர்ப்பிணி. லாண்ட்ரிக்கு மேலேயே, தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தாள். அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். எந்தப் பாடம் என்றா கேட்கிறீர்கள்? அறிவியல்! அந்த அறிவியல் வாத்தியார்தான் ஸ்டூல் போட்டு ஏறி, ஃபேனைத் தன் கையாலேயே கழற்றினார். ஜன்னலுக்கு ஆணியும் அடித்தார்.

அந்த வாரம் தங்கச்சி மாடிப்படியில் மயங்கி விழுந்தாள். நல்லவேளை, அக்கா கீழே துணிக் கூடையோடு நின்றாள். விழுந்தவள் அழுக்கு ஸ்வெட்டர் குவியலில் விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பி, அக்கா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டி கணக்காகக் கொதித்தது.

"மூச்சு முட்டுதுக்கா."

"ஜன்னலைத் திறந்து தொலைக்க வேண்டியதுதானேடி!"

"திறந்தா எனக்குச் சந்தேகம்னு ஊரே பேசுமாம். அவரால வெளிய தலை காட்ட முடியாதாம்."

வாத்தியார் மஃப்ளரோடு வந்து நின்றார். "பயப்படாதீங்க அண்ணி. நாதர்கிட்ட சொல்லிட்டேன். ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இவளை முன்னாடி நிறுத்தப்போறேன். பத்து நாள் அடைப்புக்கு உத்தரவு தருவாராம். கதவையும் மூடி, ஏழு கல்லு வச்சு..."

"தம்பி! அவ செத்துப்போயிருவா! வயித்துல இருக்கிற புள்ளையும் போயிரும்!"

"நம்பிக்கை வேணும் அண்ணி" என்றார் வாத்தியார், நெற்றியில் உருகிய பனியைத் துடைத்துக்கொண்டு.

அக்காவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பின்பக்கம் கொடியில் போட்டிருந்த போர்வைகளை எடுக்கப் போனாள். காலையில் அங்கே வெயில் எட்டிக்கூடப் பார்க்காது. ஆனாலும் கூடத்துச் சுவரோரக் கொடியில் போட்ட துணி மட்டும் நாதர் உட்காரும் நேரத்தில் சடசடவென்று காய்ந்துவிடும். அந்தச் சுவரில் நாதரின் படத்தை ஆள் உயரத்துக்குப் பலகையில் வரைந்து மாட்டியிருந்தார்கள். பலகைகளை இடைவெளி விட்டு விட்டு அடித்திருந்தார்கள். அந்த இடைவெளிகளிலிருந்து வெதுவெதுவென்று காற்று வரும். அருள்தான் கொஞ்சம் இந்தப் பக்கமும் ஒழுகுகிறது போலிருக்கிறது என்று அக்காவே ஒன்றிரண்டு நாள் நினைத்ததுண்டு. நினைத்ததற்காக இப்போது தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, சலவைக்குப் போட்ட உடுப்பை வாங்க ஏசி மெக்கானிக் வந்தான். ஊரே ஏசியைக் கழற்றி மூலையில் போட்டதிலிருந்து பாவம், வேலையில்லாமல் திரிகிறவன். கொடிப் பக்கம் வந்தவன் சட்டென்று நின்றான். நாதரின் படத்துக்கு முன்னால் கையை நீட்டினான். தாடியருகே நீட்டினான். வாயருகே நீட்டினான். பிறகு கவிழ்த்து வைத்த பக்கெட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான்.

"என்னடா?"

"அக்கா, இந்தப் பலகைக்குப் பின்னால ஏசியோட வெளிப்பெட்டி ஓடுது! உங்க வாஷிங் மெஷின் போடுற சத்தத்துல உங்களுக்குக் கேக்கல."

"உள்ள ஏசியே இல்லையே?"

"நாற்காலிக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சிருப்பாரு. குளிரை யாராலயும் உண்டாக்க முடியாதுக்கா. உள்ள இருக்கிற சூட்டை அள்ளி வெளிய கொட்டுறோம், அவ்வளவுதான். அந்தச் சூட்டுலதான் மூணு மாசமா நீங்க போர்வை காயப்போடுறீங்க!" பலகையை லேசாகத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தான். "அடேயப்பா, நல்ல மெஷின்! கரண்டு கம்மியாத்தான் தின்னும். குளிர்காலத்துல திருப்பி விட்டா, வெளியில இருக்கிற சூட்டை உள்ள இழுத்து ரூமைச் சூடாக்கும்."

"அதைத்தானே கல்லு செய்யும்னு அவர் சொல்றாரு?"

"மெஷினோட வந்த புஸ்தகத்தைப் படிச்சிருக்காரு, வேறென்ன!"

ஆக, அதிசயம் என்னவோ நிஜம்தான். எங்கேயோ யாரோ ஒரு என்ஜினியர் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்ததற்கு, இங்கே ஒருவர் தாடி வளர்த்துக்கொண்டு பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

"வா, இப்பவே போய் எல்லார்கிட்டயும் சொல்லலாம்" என்றாள் அக்கா.

"சொன்னா, பொழப்பு போன கோபத்துல மெக்கானிக் உளர்றான்னுவாங்க. உங்களுக்குச் சந்தேகம்னுவாங்க."

அக்கா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இந்த வழியை அடைச்சா?"

"கொட்ட இடமில்லாம மெஷினுக்கு மூச்சு முட்டிரும். நின்னுரும்."

"முட்டட்டும்" என்றாள் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாதரின் சொந்தக் கம்பளிகள் நாலு சலவைக்கு வந்திருந்தன. அக்கா அவற்றை நன்றாக அலசி, தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டிரண்டாக மடித்து, நாதரின் படத்தின்மேல் இடைவெளியே தெரியாதபடி இறுக்கிக் கட்டினாள். அவர் கம்பளி, அவர் படம். வேறு எங்கே காயப்போடுவதாம்? கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்தாள்.

உள்ளே நூறு ஸ்வெட்டர் உட்கார்ந்திருந்தது. தங்கச்சியை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். அவள் கால் தள்ளாடியது. நாதர் கையைத் தூக்கினார். காற்று சில்லென்று வந்தது.

"வா மகளே! உன் சந்தேகத்தை இந்தக் குளிர் தின்னட்டும்!"

காற்று கொஞ்ச நேரம் தின்றது. அப்புறம் அதற்கே பசி போய்விட்டது. நாதர் கையைத் தூக்கினார், ஒன்றும் வரவில்லை. இரண்டு கையையும் தூக்கினார். அப்போதும் வரவில்லை. கூடம் கொஞ்சம் கொஞ்சமாகப் புழுங்கியது. அடைத்த ஜன்னல், மூடிய கதவு, நூறு உடம்பு, கேட்கவா வேண்டும்!

"சில்லுன்னு இருக்கு..." என்றது ஒரு குரல், ஈனமாக.

"சில்லோ... சில்லு..." என்றது இன்னொன்று, முனகலாக.

சீடர் ஒருவர் பின்பக்கம் ஓடினார். ஈர முடிச்சு அவர் கைக்கு அவிழாமல், ஓடின வேகத்தில் திரும்பி வந்து, அக்காவின் காதில் கிசுகிசுத்தார். "அம்மா, உங்க கொடியில தொங்குற கம்பளியைக் கொஞ்சம் எடுத்துருங்க."

"என்னது?" என்று அக்கா கூடமே கேட்கக் கத்தினாள். "என் கொடியில தொங்குற கம்பளியையா? எதுக்கு எடுக்கணும்?"

"மெதுவாப் பேசுங்கம்மா... காத்துக்குத் தடையா..."

"எந்தக் காத்துக்கு? சுவத்துக்கு அந்தப் பக்கம் நான் துணி காயப்போட்டா, இந்தப் பக்கம் நாதரோட அருளுக்கு என்ன வந்துச்சு? சுவத்துல என்ன இருக்கு? சொல்லுங்க, இப்பவே போய் எடுத்துர்றேன்."

சீடர் மாட்டிக்கொண்டார். மெஷின் இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. இல்லை என்று சொல்லிவிட்டுக் கம்பளியை எடு என்றும் சொல்ல முடியாது. வாத்தியார் மெதுவாகத் தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார்.

"சந்தேகம்!" என்று நாதர் அலறினார். "இந்தக் கூடத்துல யாரோ சந்தேகப்படுறாங்க!"

"யாருன்னு கண்டுபிடிச்சிரலாமே!" என்று எழுந்தாள் அக்கா. "சந்தேகப்படுறவங்களுக்குத்தானே வேர்க்கும்? நல்லாப் பாருங்க எல்லாரும். இங்க யாருக்கு அதிகமா வேர்க்குது?"

நூறு குல்லாயும் நாதரை நோக்கித் திரும்பின. அவர் புருவத்துப் பனி வெள்ளைக் கோடு கோடாகக் கன்னத்தில் வழிந்து, தாடியில் இறங்கி, கம்பளியில் சொட்டியது. முகப் பவுடர் வாசனை முன்வரிசைக்குத் தெளிவாக வந்தது.

அப்போதுதான் தங்கச்சி, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு, பலமெல்லாம் சேர்த்துக் கத்தினாள்.

"எனக்கு வேர்க்குது! மூணு மாசமா வேர்க்குது!"



"எனக்கும்!" என்றார் மருந்துக்கடைக்காரர். கையுறை பறந்தது. "எனக்குந்தான்!" "எனக்கு அரிப்பே வந்துருச்சு!" ஸ்வெட்டர்கள் பறந்தன, மஃப்ளர்கள் பறந்தன, ஒருவர் அவசரத்தில் பக்கத்து ஆளின் குல்லாயைக் கழற்றினார். யாரோ பலகைகளைப் பெயர்த்து ஜன்னலைத் திறந்தார்கள். வெளியே அடித்த அனல்காற்றுகூட அன்றைக்கு இதமாக இருந்தது. கூட்டத்தோடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் எழுந்து போய் நாற்காலியை நகர்த்தி, பின்னாலிருந்த மெஷினை எல்லாருக்கும் காட்டினான்.

வாத்தியார் லாண்ட்ரிப் பக்கம் ஓடினார். கம்பளியை அவிழ்த்தார், பலகையைத் தூக்கினார், உள்ளே பார்த்தார். "சூடு அழியறதில்ல... ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு..." என்று முணுமுணுத்தார்.

"போன பரீட்சைக்கு நீங்கதானே அந்தக் கேள்வியைப் போட்டீங்க?" என்றாள் பின்னாலேயே வந்த தங்கச்சி. "ஏழு மார்க்குக் கேள்வி. நான்தான் தாளெல்லாம் அடுக்கிக் குடுத்தேன்."

வாத்தியார் அவள் முகத்தைப் பார்க்காமல் மஃப்ளரைக் கழற்றினார். பிறகு விறுவிறுவென்று மாடியேறினார். ஆணி பிடுங்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது.

நாதர் பின்வாசல் வழியாகத் தப்பப் பார்த்து, கொடியில் தொங்கிய ஈரப் போர்வைகளுக்குள் மாட்டிக்கொண்டார். போலீஸ் வரும்வரை எந்தப் பக்கம் வழி என்று தெரியாமல் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தார். அக்கா ஒரு பனிக்கல்லை ஊறவைக்கும் பக்கெட்டில் போட்டுப் பார்த்தாள். வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் தண்ணீரில் பிரிந்தது. கையில் சரளைக்கல் மிஞ்சியது.

மெக்கானிக் தகரக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்தான், அடியில் தெர்மோகோல் வைத்து மறைத்தான், ஃபேனை மாட்டினான். சூடு பாதியாகக் குறைந்தது. தங்கச்சிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கொழுகொழுவென்று, வாய் ஓயாமல் கத்திக்கொண்டு. பனிக்கற்களும் வீணாகவில்லை. ஜன்னல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

குளிர்காலம் வந்தது. ஒருநாள் காலை, மூடுபனியில் மருந்துக்கடைக்காரர் வெறும் பனியனோடு லாண்ட்ரிக்கு வந்தார். பல் தாளம் போட்டது. மணிக்கட்டில் புதிதாக ஒரு சிவப்புக் கயிறு.

"அ-அடுத்த தெருவுல ஒரு அனல்நாதர் வந்திருக்காரும்மா. இந்தக் க-கயிறு கட்டினா குளிரே தெரியாது. சுடச்சுட இருக்கு!"

அக்கா அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஐஸ் கட்டிதான்.

"அண்ணே, தலையைத்தான் அவங்ககிட்ட குடுத்துட்டீங்க. தோலையாவது நீங்களே வச்சுக்கோங்க, அது என்ன சொல்லுதுன்னு கேளுங்க. அந்தச் சூடு எங்கேர்ந்து வருதுன்னு அவர்கிட்டயும் கேளுங்க. கேக்கக் கூச்சமா இருந்தா என்னைக் கூப்பிடுங்க. கம்பளியோட வர்றேன்."