விரிசல் மாமாவும் தொட்டில் கொக்கியும்

அபிராமபுரத்தில் விரிசல் மாமா தட்டிப் பார்க்காமல் விட்ட உலோகம், ஓடுகிற பஸ் ஒன்றுதான். அதுவும் நின்றால் தட்டுவார்.

எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். கிண்டியில் விமானப் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் வேலை. வார்த்து வரும் பாகம் வெளியே பளபளவென்று இருக்கும். அதற்குள் மயிரிழை விரிசல் ஒளிந்திருக்கிறதா என்று அவர் கண்டுபிடிக்க வேண்டும். சாயங்காலம் வீடு திரும்பிய பிறகும் அவரால் அதை நிறுத்த முடியவில்லை. தம்பிக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண் பாடிக்கொண்டிருக்க, இவர் குத்துவிளக்கைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தார். ஜமுக்காளமெல்லாம் எண்ணெய். அந்தச் சம்பந்தம் அமையவில்லை.

என் பையனைத் தொட்டிலில் போடும் நாள் வந்தது. பித்தளைக் கொக்கி, மாமியாரின் மாமியார் காலத்தது. அது தாங்குமா என்று எனக்குச் சந்தேகம். சொன்னால் படித்த பெண் இப்படியா என்பார்கள். சொல்லாமலிருந்து ஏதாவது ஆகிவிட்டால்? மாடிப்படியில் மாமாவிடம் மெதுவாகச் சொன்னேன். சொன்னவுடனே, சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

கூடம் நிறைய விருந்தாளிகள் இருக்க, மாமா சீமெண்ணெயும் சாக்பீஸ் பொடியுமாக இறங்கி வந்தார். கொக்கியைக் கழற்றிச் சீமெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, பொடியைப் பூசினார். விரிசல் இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளைப் பொடியில் கோடாகத் தெரியுமாம். அதுவரை காத்திருக்க வேண்டும். ராகு காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"தொட்டில் குழந்தைக்கா, அபிஷேகம் கொக்கிக்கா?" என்றார் மாமியார்.

"விமானமே இதுக்காகக் காத்துண்டு நிக்கும், மாமி."

கோடு வரவில்லை. கொக்கியை மறுபடி உத்தரத்தில் மாட்டினார்கள். எல்லோரும் எழுந்து நிற்க, நான் மட்டும் குழந்தையைக் கையைவிட்டு இறக்கவில்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னும் சந்தேகமா இருக்காம்மா?"

தலையாட்டினேன்.

"எனக்கும்தான்" என்றார்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முக்காலியில் ஏறினார். இரண்டு கைகளாலும் கொக்கியைப் பிடித்து, கால்களை மடக்கிக்கொண்டு தொங்கினார். பாட வந்த மாமிகள் நகர்ந்து இடம் விட்டார்கள்.

"லாலி பாடணுமா?" என்றார் மாமியார்.

"பாட்டு வேண்டாம். யாராவது ஆட்டி மட்டும் விடுங்கோ."

என் கணவர்தான் ஆட்டிவிட்டார். கொக்கி முனகக்கூட இல்லை. மாமா இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "போடலாம்" என்றார். போட்டேன்.

அன்று மத்தியானம் பையன் தொட்டிலில் தூங்கினான். பாயை விரித்து நானும் தூங்கினேன், மாமா தொங்கிய இடத்துக்கு நேர் கீழே.