விழா நாள் வரைக்கும் ஏழை

ஏழைகளுக்குக் கட்டணமின்றி வழக்காடும் வழக்கறிஞர்களைப் பாராட்டும் உயரிய நோக்கத்துடன் நாமக்கல்லில் ஒரு குழு அமைந்தது. பாராட்டுக் குழு என்று ஒன்று அமைந்துவிட்டால் யாரையாவது பாராட்டித்தான் தீரவேண்டும். எனவே மண்டபம் பிடித்து, பொன்னாடையும் கேடயமும் வாங்கி, வாசலில் வைக்கும் பேனரில் முகத்துக்கு மட்டும் இடம் விட்டுவைத்தபின், குழுவினர் முகத்தைத் தேடத் தொடங்கினார்கள்.

கேட்டவர்கள் எல்லாரும் வழக்கறிஞர் சாரதாமணியின் பெயரையே சொன்னார்கள். குழுவின் செயலாளர் முருகானந்தம் அவரை அழைத்து விசாரணை நடத்தினார். அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற முருகானந்தத்துக்கு விதி என்றால் உயிர். விதியையும் அவரே எழுதியிருந்தார்: ‘பயனாளி, விழா நாள் வரைக்கும் வறியவராக நீடித்தல் வேண்டும்.’

“ஏனுங்கம்மா, உங்க கட்சிக்காரங்கள்ல ஒருத்தர் பட்டா வாங்கிட்டாரு, ஒருத்தர் போன வேலையத் திரும்ப வாங்கிட்டாரு. ஏழைங்க எங்கம்மா?”

“அதுக்குத்தானுங்களே கேஸ் நடத்தினேன்?”

“ஜெயிச்சுக் குடுத்து, இருந்த ஏழைகளையும் இல்லாம பண்ணிப்போட்டீங்க. மேடையில நாங்க யாரைக் காட்டறது?”

சாரதாமணி சிரித்தார். “எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாச்சுங்க” என்று எழுந்து போனார்.

இவ்வாறாகக் குழுவின் பார்வை வழக்கறிஞர் நவநீதகிருஷ்ணன் மீது விழுந்தது. அவர் நல்லவர். யாரிடமும் காசு வாங்கியதில்லை. விடிய விடியப் படிப்பார். ஆனால் நீதிபதியின் முன் நின்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். வந்தபோது ஏழையாக இருந்த அவருடைய கட்சிக்காரர்கள், வழக்கு முடிந்தபோது முன்னிலும் உறுதியான ஏழைகளாகத் திகழ்ந்தார்கள். விதிக்கு இதைவிடப் பொருத்தமானவர் மாவட்டத்தில் கிடைப்பது அரிது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. திருமணத்தன்று கழுத்தில் விழுந்த மாலைக்குப் பிறகு வேறு மாலை கண்டறியாத நவநீதகிருஷ்ணன், செய்தி கேட்டுக் கண் கலங்கினார். பேனரில் அவர் முகம் அச்சாயிற்று.

நடந்துகொண்டிருக்கும் வழக்கு ஒன்றையும் மேடையில் காட்ட வேண்டும் என்றது விதி. அவர் கைவசம் மிஞ்சியிருந்தது பரமத்தி வேலூர்ச் சென்னியம்மாளின் வழக்கு ஒன்றுதான். அந்த அம்மாளின் வாழைத் தோட்டத்துக்குப் போகும் வண்டித் தடத்தைப் பக்கத்துத் தோட்டக்காரர் பூபதி கம்பிவேலி போட்டு அடைத்திருந்தார். தடம் இல்லாமல் வண்டி வராது; வண்டி வராமல் வாழைத்தார் சந்தைக்குப் போகாது.

விழாவுக்கு முந்திய வாரம் சென்னியம்மாள் வக்கீலிடம் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“சாமி, பூபதி எறங்கி வந்துட்டாருங்க! கோர்ட்டுக்கு நடந்து நடந்து காலு ஓஞ்சுபோச்சாம். வேலியப் பிரிச்சுப்போடறேன், கேஸை ராசி பண்ணிக்கலாம், நாளைக்கே கையெழுத்துப் போட வாரேன்னுட்டாரு. தாரெல்லாம் முத்திக் கெடக்குதுங்க. இன்னும் உட்டா மரத்துலயே பழுத்துப்போகும்.”

வாழ்நாளின் முதல் வெற்றி! நவநீதகிருஷ்ணன் உடனே முருகானந்தத்துக்குப் போன் செய்து மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார். மறுமுனை மகிழவில்லை.

“வக்கீல் சார், தடம் கெடைச்சா தோட்டத்துக்கு மதிப்பு ஏறும். மதிப்பு ஏறுனா அந்தம்மா வறியவர் இல்லை. அந்தம்மா வறியவர் இல்லைன்னா நீங்க சேவையாளர் இல்லை. பேனர் வேற அடிச்சாச்சுங்க.”

நவநீதகிருஷ்ணன் போனை வைத்துவிட்டு அந்த அம்மாளிடம் திரும்பினார்.

“சென்னியம்மா, விழா முடியற வரைக்கும் பொறுக்கோணும்.”

“நான் பொறுப்பேனுங்க. பழம் பொறுக்குமாங்க?”

“விழா முடிஞ்ச மறுநாளே கையெழுத்துப் போட்டுக்கலாம்.”

அந்த அம்மாள் தலையாட்டினார். “காசு வாங்காம எனக்காக நின்னவரு நீங்க. உங்க கழுத்துல ஒரு மாலை உழுகறத நான் கெடுக்கமாட்டேனுங்க.”

விழா வெகு சிறப்பாகத் தொடங்கியது. சென்னியம்மாளை வாசலிலேயே நிறுத்திவிட்டார் முருகானந்தம்.

“என்னங்கம்மா, சேலை இத்தனை பளிச்சுனு இருக்குது? கிழிஞ்சது ஒண்ணும் இல்லையா?”

“இருக்குதுங்க. அதையெல்லாம் கட்டிக்கிட்டு ஊட்டுலதான் இருப்பேன். நாலு பேர் கூடற எடத்துக்கு எப்படிங்க கட்டியாறது?”

வழக்கு இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்குச் சாட்சியாகப் பூபதிக்கும் அழைப்பு போயிருந்தது. அவர் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். நவநீதகிருஷ்ணனை அன்றுதான் முதன்முறையாகக் கண்ட சிறப்பு விருந்தினர், “இவர் பெயரைக் கேட்டாலே எதிர்த்தரப்பு நடுநடுங்கும்! இவர் நீதிமன்றச் சிங்கம்!” என்று முழங்கினார். வக்கீலிடம் வழக்கைக் கொடுத்துத் தோற்ற கட்சிக்காரர்கள் அனைவரும் எழுந்து கைதட்டினார்கள். மாலை விழுந்தது.

விருந்துக்குப் பிறகு பூபதி, மாலை கழற்றாத வக்கீலிடம் வந்தார்.

“காலு ஓஞ்சு ராசியாறது வேறைங்க. சிங்கத்துக்குப் பயந்து வேலியப் பிரிச்சான்னு ஊரு பேசுறது வேற. எனக்கு மானம் இருக்குதுங்க. ராசியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். சேலத்துல பெரிய வக்கீலா வெச்சுக்கறேன்.”

வேலி அப்படியே நின்றது. தார்கள் மரத்திலேயே பழுத்தன. தடம் தேவைப்படாத வௌவால்கள் வந்து தின்றுவிட்டுப் போயின. சென்னியம்மாளின் வறுமை ஐயத்துக்கு இடமின்றி நீடித்தமையால், அடுத்த ஆண்டு விழாவுக்கும் அவரே தகுதியான பயனாளி என்று குழு பதிந்துகொண்டது.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலை நவநீதகிருஷ்ணனின் வாசலில் தெருமுனை வரைக்கும் கூட்டம். சாரதாமணியிடம் வழக்கை ஒப்படைத்திருந்தவர்கள்கூடக் கேஸ் கட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் சென்னியம்மாள் நின்றார்.

“கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தீங்களா?” என்று கேட்டார் வக்கீல்.

“ஐயோ, எதுக்குங்க? அவரு பெரிய வக்கீல வெச்சுட்டாருங்க. அதுக்கு ஈடு குடுக்க அவார்டு வாங்குன வக்கீல்தானுங்களே வேணும்?”

நவநீதகிருஷ்ணன் வாழ்வில் முதன்முறையாக நாக்கு ஒட்டாமல் பேசினார்.

“நான் சொல்றதக் கேளுங்க. நான் இதுவரைக்கும் ஒரு கேஸ்கூட ஜெயிச்சதில்லை. சாரதாமணி அம்மாகிட்டப் போங்க. அவங்க ஜெயிச்சுக் குடுப்பாங்க.”

சென்னியம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“பாத்தீங்களா, இத்தனை பெரிய மனுசனுக்கு எத்தனை அடக்கம்!”

கூட்டம் கைதட்டியது.