ரெண்டு டிரே, மூணு லூசு

எனக்குப் பத்து என்றால் எவ்வளவு என்று தெரியாது. அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்த சனம் அத்தனையும் இதற்குச் சாட்சி. அதில் பாதிப் பேர் இன்றைக்கும் என்னைக் கடைவீதியில் பார்த்தால், வண்டியை ஓரங்கட்டிவிட்டு, “ஏனுங்க, பத்து எத்தனைங்க?” என்று நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார்கள்.

இத்தனைக்கும் எண்ணுவதுதான் என் பிழைப்பே. முட்டை டிப்போவில் லோடு ஏற்றிவிடும் பொறுப்பு எனக்கு. கேரளா போகிற லாரி வந்து பின்பக்கமாக நின்றால், அடுக்கைப் பார்த்த மாத்திரத்தில் இவ்வளவு என்று சொல்லிவிடுவேன். முட்டையை எண்ண மாட்டேன், டிரேயை எண்ணுவேன். குழி குழியாக இருக்கும் அந்த அட்டைத் தட்டில் முப்பது முட்டை உட்காரும். நிறைந்தால் ஒரு டிரே, நிறையாமல் மிஞ்சினால் லூசு. என் உலகத்தில் இருப்பது இந்த இரண்டே இரண்டுதான். (என்னையும் சேர்த்தால் லூசு கொஞ்சம் அதிகம் என்பாள் என் மனைவி.)

மனைவி கோகிலா சேலம் அம்மாபேட்டைக்காரி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் மகள் யாழினி அப்போது இரண்டாம் வகுப்பு. பேரைத்தான் அப்படி ஆசையாக வைத்தோமே தவிர, பள்ளிக்கூடத்தில் அந்த யாழிலிருந்து ஒரு சத்தம் வந்ததில்லை. வீட்டில் கொல்லைக் குழாய் மாதிரி ஓயாமல் பேசுவாள். பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் யாரோ குழாயை இறுக்கி மூடிவிடுவார்கள். கேள்வி கேட்டால் எழுதிக் காட்டுவாள், தலையாட்டுவாள், அவ்வளவுதான். டாக்டரிடம் காட்டினோம். “கூச்சம்தான், தானாப் பேசுவா, அவசரப்படுத்தாதீங்க” என்றார். கோகிலா அதற்கப்புறமும் ராத்திரியெல்லாம் புரண்டு புரண்டு படுத்தாள். நானும்தான்.

அதுவரை வீட்டுப்பாடமெல்லாம் கோகிலாவின் இலாகா. அவளுக்குச் சாயங்கால டியூட்டி போட்டதும் அது என் தலையில் விழுந்தது. இரண்டாம் வகுப்புதானே, நானே மலை மலையாக டிரே எண்ணுகிறவன், இந்தச் சின்னக் கரட்டைத் தாண்ட மாட்டேனா என்று மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் நாள் தமிழ், சொல்வதெழுதல். நான் சொன்னேன், யாழினி எழுதினாள். மறுநாள் நோட்டைத் திறந்தால் ‘ஊடு’ என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு மையில் ஒரு வட்டம்.

“புஸ்தகத்துல வீடுன்னுதானே இருக்கு? நீங்க என்னன்னு சொன்னீங்க?” என்றாள் கோகிலா.

“ஊடுன்னுதான் சொன்னேன். சரியாத்தானே சொல்லியிருக்கறேன்?”

அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இனிமேல் ஒரு ‘வ’கூட என்னிடமிருந்து தப்பக் கூடாது என்று அடுத்த நாள் வெகு உஷாராகச் சொல்லிக்கொடுத்தேன். விளைவு, ஊஞ்சல் ‘வீஞ்சல்’ ஆனது. உழவன் ‘விழவன்’ ஆனான். மிஸ் வட்டம் போட்டுப் போட்டே பேனா தீர்ந்திருக்கும். கோகிலா தமிழ்ப் புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு கணக்குப் புத்தகத்தைக் கொடுத்தாள். “கணக்குல ஊடு வராது. இதையாவது ஒழுங்காச் சொல்லிக்குடுங்க.”

பாடம், ஒன்றுகளும் பத்துகளும். படத்தில் சில குச்சிகள் உதிரியாகக் கிடந்தன. அதற்குக் கீழே ‘ஒன்றுகள்’ என்று போட்டிருந்தது. சில குச்சிகளைக் கட்டாகக் கட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே ‘பத்துகள்’. யாழினியின் வகுப்பு ஆசிரியை ஜெசிந்தா மிஸ்ஸும் வாட்ஸப்பில் சொல்லியிருந்தார்: ‘வீட்டில் உள்ள பொருள்களை வைத்துப் புரியவையுங்கள்.’ என் வீட்டில் உள்ள பொருள் முட்டை. நான் படத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். இது நம்ம டிரேயும் லூசும் அல்லவா!

டிப்போவிலிருந்து காலி டிரேக்களும் முட்டையும் கொண்டுவந்து கூடத்தில் பரப்பினேன். “உதிரியாக் கெடந்தா ஒன்று. டிரே நெறைஞ்சா பத்து. அவ்வளவுதான் சாமி கணக்கு” என்றேன்.

யாழினி டிரேயின் குழிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினாள். “அப்பா, இதுல முப்பதுல்ல இருக்குது? பத்துன்னா பத்துதானே இருக்கோணும்?”

கடவுள் குழந்தையின் வாய் வழியாக எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்தார். நான் அதைக் காலால் எத்தினேன்.

“பத்துங்கறது பேரு, சாமி. பேருன்னா அப்பிடித்தான். உங்க மாமன் பேரு சின்னச்சாமி. ஆளு என்ன சின்னதாவா இருக்கறாரு?”

சின்னச்சாமி என்பது என் அக்கா வீட்டுக்காரர். அவர் ஏறினால் ஸ்கூட்டர் ஒருமுறை பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் கிளம்பும். யாழினிக்கு அந்த உதாரணம் பளிச்சென்று பிடித்துவிட்டது. அன்றிலிருந்து அவள் போட்ட வேகத்தைப் பார்க்க வேண்டுமே! அறுபத்து மூன்று என்பேன். “ரெண்டு டிரே, மூணு லூசு!” தொண்ணூறு என்பேன். “மூணு டிரே, லூசே இல்ல!” என் ரத்தம் என்று எனக்கு மார்பு விம்மியது. டிப்போ முதலாளியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவரும் கேட்டுவிட்டு, “புள்ள கெட்டிக்காரிங்க” என்றார். அவர் மேலும் எனக்கு இன்றுவரை ஒரு சின்ன வருத்தம் உண்டு.

இந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் கற்றல் விழா வைத்தார்கள். பிள்ளைகள் படித்ததைப் பெற்றோர் முன்னால் மேடையில் செய்து காட்ட வேண்டும். ஜெசிந்தா மிஸ் கோகிலாவைக் கூப்பிட்டுச் சொன்னாராம்: “யாழினி குச்சி எண்ணுறதுல அவ்வளவு வேகம். கட்டுக் கட்டுற பாடத்தை அவளுக்கே குடுத்திருக்கேன். அவ மைக்ல ஒரே ஒரு வார்த்தை பேசிட்டாப் போதும், எனக்கு இந்த வருஷம் நிறைஞ்சிரும்.”

கோகிலா அதைச் சொல்லும்போதே கண் கலங்கினாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அங்க அவ பயந்துட்டா மறுபடி வாயே தொறக்க மாட்டா. என்ன நடந்தாலும் நீங்க குறுக்க வரக் கூடாது. சத்தியம் பண்ணுங்க.”

நான் சத்தியம் பண்ணினேன். (தலையில் அடித்துப் பண்ணவில்லை. சும்மா கையில்தான்.)

விழா அன்று மண்டபம் நெரிந்தது. நாமக்கல் என்பதால் அங்கே யார் இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கோழிப்பண்ணைக்காரர்கள், தீவனக் கடைக்காரர்கள், லாரிக்காரர்கள், நடுநடுவே கொஞ்சம் அரசாங்க உத்தியோகம். சின்னச்சாமி மாமாவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மூன்றாம் வரிசையில் ஒன்றரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் முதல் வரிசை. எனக்குப் புதுச் செருப்பு வேறு கடித்ததால் கழற்றி நாற்காலிக்குக் கீழே வைத்திருந்தேன். மேடையோரம் தலைமை ஆசிரியை சிஸ்டர்.

யாழினி மேடைக்கு வந்தாள். மேஜையில் ஐஸ் குச்சிகளும் ரப்பர் பேண்டும். ஜெசிந்தா மிஸ் மைக்கில், “இங்க அறுபத்து மூணு குச்சி இருக்கு. யாழினி இப்ப இதைப் பத்துகளாகவும் ஒன்றுகளாகவும் பிரிச்சுக் காட்டுவா” என்றார்.

யாழினி எண்ணினாள், எண்ணினாள், எண்ணிக்கொண்டே போனாள். மிஸ்ஸின் புருவம் மேலே ஏறியது. முப்பது குச்சியை ஒரே பிடியாகப் பிடித்து அந்தச் சின்ன ரப்பர் பேண்டை இழுத்து மாட்டினாள். அது பட்டென்று அறுந்து பறந்து போய் சிஸ்டரின் மடியில் விழுந்தது. இன்னொன்றை எடுத்து எப்படியோ மாட்டிவிட்டாள். குண்டு குண்டாக இரண்டு கட்டு, உதிரியாக மூன்று குச்சி. போர்டில் பத்துகள் 2, ஒன்றுகள் 3 என்று எழுதி, கீழே 23 என்று அழகாகப் போட்டாள்.

என் கைதான் முதலில் தட்டியது. தட்டிய பிறகுதான் தெரிந்தது, வேறு யாரும் தட்டவில்லை.

மிஸ் குனிந்து யாழினியின் காதில் ஏதோ சொன்னார். யாழினி போர்டைப் பார்த்தாள், கட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உதடு உள்ளே மடிந்தது. அந்தக் குழாய் இறுகுவதை நான் கண்ணாலேயே பார்த்தேன். சத்தியமாவது ஒன்றாவது, எழுந்து நின்றுவிட்டேன்.

“மிஸ், புள்ள சரியாத்தானுங்க போட்டிருக்குது.”

“சார், அது இருபத்து மூணு சார்.”

“இல்லீங்க மிஸ், நல்லாப் பாருங்க. ரெண்டு டிரே, மூணு லூசு!”

கோகிலா என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அதற்குள் பின்னாலிருந்து ஒரு பண்ணைக்காரர், “கணக்கு கரெக்டுங்க! அறுபத்து மூணுதான் வருது!” என்று குரல் கொடுத்தார். ஒரு லாரிக்காரர், “ஏழு டிரே ஆனாப் பொட்டி. அது நூறாங்க மிஸ்?” என்று உண்மையாகவே சந்தேகம் கேட்டார். “ஏனுங்க, பத்துன்னாப் பத்துதானுங்களே?” என்றது அரசாங்க உத்தியோகம். “அதை டிப்போவுல வந்து சொல்லுங்க பாக்கலாம்” என்றது தீவனக் கடை. சின்னச்சாமி மாமா எழுந்து சமாதானம் பேசப் போய், அவருக்குப் பின்னாலிருந்த மூன்று வரிசைக்கு மேடை மறைந்தது.

அந்த இரைச்சலுக்கு நடுவே, ‘பத்துன்னாப் பத்து’ என்ற வார்த்தை என் காதுக்குள் நுழைந்து, மெதுவாக நடந்து, கடைசியில் மூளைக்குப் போய்ச் சேர்ந்தது. ஐயோ! நான் அப்படியே உட்கார்ந்தேன்.

சிஸ்டர் மடியிலிருந்த ரப்பர் பேண்டை எடுத்து வைத்துவிட்டு மைக் பக்கம் வந்தார். மண்டபம் அடங்கியது. யாழினியிடம் குனிந்து, அன்பாகத்தான் கேட்டார், “இப்படிக் கட்டணும்னு யாரும்மா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?”

நான் சட்டென்று குனிந்து நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தேன். இரண்டு செருப்பும் கண்ணுக்கு நேரே இருந்தன. ஆனாலும் தேடினேன்.

யாழினி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள். அப்பனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அந்த ஏழு வயசு மனசுக்குத் தோன்றியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவள் சத்தம் போட்டுச் சொன்ன முதல் வாக்கியம், நாமக்கல் கோட்டை வரைக்கும் கேட்கிற மாதிரி வந்தது.

“எங்கப்பா இல்லீங்க சிஸ்டர்!”

மண்டபம் வெடித்தது. மைக் செட்காரர் ஒயரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜெசிந்தா மிஸ் போர்டில் சாய்ந்து சிரித்தார். கோகிலா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள், தோள் குலுங்கியது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேர் சிரித்தால் பிள்ளை இனி ஜென்மத்துக்கும் பேச மாட்டாளே என்று செருப்பைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தேன்.

யாழினி சிரிக்கிற கூட்டத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை ஒருமுறை பார்த்தாள். அவள் முகத்தில் பயத்தைக் காணோம். தான் ஏதோ ஒரு பெரிய காரியத்தைச் செய்துவிட்டோம் என்ற தெம்புதான் இருந்தது. மைக்கை விடவில்லை.

“எங்க டிரேல முப்பது குழிங்க சிஸ்டர். மிஸ் டிரேல பத்துக் குழிதான் போல. மிஸ் டிரேல போட்டா வேற வரும்” என்றாள். கட்டுகளை அவிழ்த்தாள். பத்துப் பத்தாக ஆறு கட்டுக் கட்டினாள், மூன்றை உதிரியாக வைத்தாள். போர்டில் 63 போட்டாள். இந்த முறை எல்லாக் கையும் தட்டியது. தீவனக் கடைக்காரர் விசிலே அடித்துவிட்டார்.

அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மைக்கின் ருசி கண்டுவிட்ட பிள்ளை அதைத் திருப்பிக் கொடுக்க மறுத்தது. “சிஸ்டர், உங்க வயசு எத்தனைங்க? நான் டிரேல சொல்றேன்” என்றது. “பேருன்னாச் சும்மாதானுங்க சிஸ்டர். எங்க மாமா பேரு சின்னச்சாமி, ஆனா அங்க பாருங்க!” என்று மூன்றாம் வரிசையைக் கை நீட்டிக் காட்டியது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. மாமா எழுந்து கும்பிட்டார். அப்புறம் எங்கள் வீட்டோடு அவர் இரண்டு மாதம் பேசவில்லை.

அன்று சாயங்காலம் மிஸ்ஸிடமிருந்து பெற்றோர் எல்லாருக்கும் வாட்ஸப் வந்தது: ‘வீட்டில் உள்ள பொருள்களை வைத்துப் புரியவையுங்கள் (முட்டை டிரே தவிர).’ எனக்குத் தனியாக ஒன்று: ‘சார், கணக்கு நான் பாத்துக்கிறேன். நீங்க தினமும் ஒரு கதை வாசிச்சுக் காட்டுங்க, அவ சொல்றதக் கேளுங்க, அது போதும்.’ இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பெற்றவன் செய்யக் கூடிய உதவி இவ்வளவுதான் என்பதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு மண்டபத்தையே சிரிக்க வைக்க வேண்டியிருந்தது. கதை வாசித்தேன். “அப்பா, ஊடு இல்ல, வீடு” என்று அவள் திருத்தித் திருத்தி எனக்கு இப்போது ‘வ’ ஓரளவு வருகிறது.

யாழினி இப்போது ஐந்தாம் வகுப்பு. எங்கள் வீட்டில் ரசத்தில் உப்புக் கூடினாலும் சரி, மோட்டாரை அணைக்க மறந்து தொட்டி நிரம்பி வழிந்தாலும் சரி, “யாரு செஞ்சது?” என்ற கேள்விக்குக் கோகிலாவும் யாழினியும் ஒரே குரலில் பதில் சொல்வார்கள், “எங்கப்பா இல்லீங்க சிஸ்டர்!” பொங்கலுக்கு வரும் சொந்தக்காரக் குழந்தைகள்கூடக் கற்றுக்கொண்டுவிட்டன. சின்னச்சாமி மாமாதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொல்கிறார்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் ஐந்தாம் வகுப்பு மிஸ்ஸுக்கு என் சரித்திரம் எதுவும் தெரியாது. யாழினியைப் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு என்னிடம் முறையிட்டார்: “நல்லாப் படிக்கிறா சார். ஆனா வகுப்புல ஒரு நிமிஷம் வாய் ஓயறதில்ல. எந்நேரமும் பேச்சு, பேச்சு. அவ பாட்டுக்கு விட்டா மணி அடிக்கிற வரைக்கும் பேசுறா. யாரு சார் இவளுக்கு இப்படிப் பேசக் கத்துக்கொடுத்தது?”

யாழினி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். நான் அவளை முந்திக்கொண்டேன்.

“அவங்கப்பாதானுங்க மிஸ்.”